ரேம் போடுவதா, டிஸ்க் மாற்றுவதா: டேட்டாபேஸ் தேடல் எங்கே தாமதமாகிறது?

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறுமுகம்தான். உலகில் விற்கும் ரேமில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்துக்கு அவை முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியதும் சாதாரணக் கணினிக்கான ரேமுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்கான எஸ்எஸ்டியின் விலையும் கூடவே ஏறியது.

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் விலை கேட்டுவிட்டு யோசனையோடு திரும்புகிறவர்களில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய குழப்பம் இதுதான்: பில்லிங் சாஃப்ட்வேரில் ஒரு பழைய பில்லைத் தேடினால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் ரேம் போடச் சொல்கிறார். இன்னொருவர் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையைப் போடச் சொல்கிறார். மூன்றாமவர் சர்வரையே மாற்று என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றுமே தண்டச்செலவாகவும் முடியலாம். அந்தத் தேடல் எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தேடும்போது உள்ளே நடப்பது

டேட்டாபேஸ் தகவலைப் பதிவு பதிவாக டிஸ்கிலிருந்து எடுப்பதில்லை. 'பக்கம்' என்ற அளவில் மொத்தமாக எடுக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் 16 கிலோபைட். உங்களுக்கு வேண்டியது 200 பைட் பதிவு ஒன்றுதான் என்றாலும் முழுப் பக்கமும் ரேமுக்கு வந்தாக வேண்டும். வந்த பக்கங்களைத் தூக்கி எறியாமல் ரேமில் ஒரு பகுதியில் வைத்துக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு 'பஃபர்' என்று பெயர். அடுத்த முறை அதே பக்கம் தேவைப்பட்டால் டிஸ்குக்குப் போகவே வேண்டாம்.

எந்தப் பக்கத்தை எடுப்பது என்று சொல்வது இண்டெக்ஸ். பெரும்பாலும் இது பி-ட்ரீ என்ற அமைப்பு. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970 வாக்கில் உருவாக்கியது, இன்றும் அதுதான் ஓடுகிறது. மேலே ஒரு வேர்ப் பக்கம், அதன் கீழே கிளைகள், கடைசியில் இலைகள். ஒரு பக்கத்தில் சுமார் 300 குறிப்புகள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மட்டங்களில் 2.7 கோடி பதிவுகளுக்கும், நான்காவது மட்டம் சேர்ந்தால் 800 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளுக்கும் வழிகாட்டிவிடும். அதாவது எவ்வளவு பெரிய அட்டவணையாக இருந்தாலும், ஒரு பதிவைக் கண்டுபிடிக்க நாலைந்து பக்கங்களைத் தொட்டால் போதும். மேல் மட்டங்கள் சிறியவை, அடிக்கடி தேவைப்படுபவை. ஆகவே அவை பெரும்பாலும் ரேமிலேயே இருக்கும். டிஸ்குக்குப் போவது கடைசி ஒன்றிரண்டு பக்கங்களுக்காகத்தான்.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒரே ஒரு பில்லைத் தேடுவதில் வருவதில்லை. சிதறிக்கிடக்கும் பலவற்றை ஒன்றுசேர்ப்பதில் வருகிறது.

டிஸ்க்: ஒரே தேடல், மூன்று விதமான நேரம்

பாரிமுனைப் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் அட்டவணையில் 5 கோடி பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட், ஆக மொத்தம் 10 ஜிபி. தாம்பரத்தில் உள்ள ஒரு மெடிக்கல் ஷாப் இந்த வருடம் வாங்கியதையெல்லாம் காட்டச் சொல்கிறார் முதலாளி. அந்த வாடிக்கையாளருக்கு 2,000 பதிவுகள். இண்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் பதிவுகள் தேதி வரிசையில் எழுதப்பட்டவை என்பதால் வருடம் முழுக்கச் சிதறியிருக்கின்றன. 2,000 பதிவுகள் என்றால் கிட்டத்தட்ட 2,000 வெவ்வேறு பக்கங்கள்.

1. ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி. ஊசி நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் 8 மில்லி நொடி. ஒரு பக்கத்துக்குச் சுமார் 12 மில்லி நொடி ஆகிவிட்டது. 2,000 பக்கங்களுக்கு 24 நொடி. முதலாளி திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

2. எஸ்எஸ்டி. சுற்றும் பாகம் எதுவும் இல்லை. பழைய சாட்டா இணைப்பு வகையோ புதிய என்விஎம்இயோ, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லி நொடி. மொத்தம் 0.2 நொடி.

3. ரேம். ஏற்கெனவே பஃபரில் இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மைக்ரோ நொடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 2 மில்லி நொடி.

கடை விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது வேறு எண். 'நொடிக்கு 7,000 எம்பி' என்று இருக்கும். அது தகவலைத் தொடர்ச்சியாக வரிசையில் படிக்கும் வேகம். மேலே பார்த்த தேடலுக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் அது 2,000 தனித்தனி இடங்களுக்குப் போய்வருகிறது. ஒரு கடையில் மாதச் சாமான் மொத்தத்தையும் வாங்கி ஒரே ஆட்டோவில் ஏற்றி வருவது வேறு, பருப்புக்குத் தாம்பரம், எண்ணெய்க்குத் திருவொற்றியூர், உப்புக்கு ஆவடி என்று அலைவது வேறு. இரண்டாவதில் ஆட்டோ எவ்வளவு பெரியது என்பது கணக்கிலேயே வராது. நீங்கள் பார்க்க வேண்டியது சிதறிய 4 கிலோபைட் படிப்புகள் நொடிக்கு எத்தனை முடியும் என்ற எண், அதாவது ஐஓபிஎஸ். அதிலும் வரிசையில் ஒரே ஒரு வேலை நிற்கும்போது வரும் எண்.

சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் வித்தியாசமே இல்லையா? ஒருவர் மட்டும் தேடினால் பெரிதாகத் தெரியாது. 40 பேர் ஒரே நேரத்தில் தேடும்போது தெரியும். பழைய சாட்டா வழியில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள் வரைதான் நிற்கலாம். 2011-இல் வந்த என்விஎம்இ, 64 ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் வரிசைகளை அனுமதிக்கிறது. சிபியுவுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியான ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். கவுன்டர்கள் அதிகமுள்ள கடைக்கு இது பெரிய விஷயம். இரண்டே கணினி உள்ள அலுவலகத்தில் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ரேம்: 99 மார்க் போதாது

டேட்டாபேஸ் கேட்ட பக்கங்களில் எத்தனை சதவீதம் பஃபரிலேயே கிடைத்தது என்று ஒரு கணக்கு உண்டு. ஹிட் விகிதம் என்பார்கள். 99 சதவீதம் என்றால் பிரமாதம் என்றுதான் தோன்றும். மேலே பார்த்த அதே 2,000 பக்கத் தேடலில் போட்டுப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க் உள்ள சர்வரில்:
1. 99.9 சதவீதம் ரேமில் கிடைத்தால், டிஸ்குக்குப் போவது 2 பக்கம். 26 மில்லி நொடி.
2. 99 சதவீதம் என்றால் 20 பக்கம். 242 மில்லி நொடி.
3. 95 சதவீதம் என்றால் 100 பக்கம். 1.2 நொடி.

0.9 சதவீதம் குறைந்ததற்கே நேரம் ஒன்பது மடங்காகிவிட்டது. போன மாதம் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் திடீரென்று படுத்துவிட்டது என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். தகவல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர்ந்தது. ஆனால் அன்றாடம் தொடப்படும் பகுதி ரேமின் அளவைத் தாண்டிய வாரத்தில் வேகம் மட்டும் சறுக்கிக் கீழே விழுந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அது உண்மையும்கூட.

இப்போது அதே மூன்று நிலைகளை எஸ்எஸ்டி சர்வரில் பாருங்கள்: 2.2, 4, 12 மில்லி நொடி. மோசமான நிலையில்கூட மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் என் கணக்கு இதனால்தான் இப்படிப் போகிறது: இன்னும் ஹார்ட் டிஸ்கில் டேட்டாபேஸ் ஓடுகிறது என்றால், ரேமைத் தொடுவதற்கு முன் அந்த டிஸ்கை மாற்றுங்கள். எஸ்எஸ்டியும் விலை ஏறியதுதான். ஆனால் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ரேம் பற்றாக்குறையின் வலியில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க் ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் ரேம் கூட்டுவதன் பலன், ஒரே சமயத்தில் நிறையப் பேர் தேடும் இடங்களில்தான் கண்ணில் படும்.

வாங்கிய ரேமை டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறதா?

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். சர்வரில் 64 ஜிபி இருக்கலாம். டேட்டாபேஸுக்கு அது தெரியாமலே போகலாம்.

1. மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி பஃபர் பூல் என்ற அமைப்பு, யாரும் மாற்றாதவரை 128 எம்பி. மீதி ரேம் சும்மா கிடக்கும். டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வரில் மொத்த ரேமில் பாதிக்கு மேல், 70 சதவீதம் வரைகூட இதற்குக் கொடுப்பது வழக்கம்.

2. போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஷேர்டு பஃபர்ஸ் தொடக்க அளவு அதே 128 எம்பிதான். இங்கே பாதிப்பு கொஞ்சம் குறைவு, ஏனென்றால் லினக்ஸ் தன் பங்குக்குக் கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும். ரேமில் கால்வாசி கொடுப்பது நல்ல தொடக்கம்.

3. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இலவசம் என்பதால் பில்லிங் சாஃப்ட்வேர்கள் பலவற்றின் அடியில் இது உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓடும் பிரதி (இன்ஸ்டன்ஸ்) ஒவ்வொன்றும் பஃபருக்கு 1,410 எம்பிக்கு மேல் எடுக்காது, நான்கு கோருக்கு மேல் பயன்படுத்தாது. 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டவும் முடியாது. எக்ஸ்பிரஸ் வைத்துக்கொண்டு 16 ஜிபியை 64 ஜிபி ஆக்கினால் தேடல் வேகம் அப்படியேதான் இருக்கும். காசு போனதுதான் மிச்சம்.

டிஸ்குக்கும் இதுபோல ஒரு அமைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒரு தேடலுக்கு இண்டெக்ஸ் வழியாகப் போவதா, அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படிப்பதா என்று முன்கூட்டியே செலவுக் கணக்குப் போட்டுப் பார்க்கும். ரேண்டம் பேஜ் காஸ்ட் என்ற அமைப்பின் தொடக்க மதிப்பு 4. வரிசையில் ஒரு பக்கம் படிக்க ஒரு ரூபாய் என்றால் சிதறிய பக்கத்துக்கு நாலு ரூபாய் என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க் காலத்து மனக்கணக்கு அது. எஸ்எஸ்டி போட்ட பிறகும் இதை 1.1 அளவுக்கு இறக்காவிட்டால், சில தேடல்களில் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு 10 ஜிபியையும் படிக்க உட்கார்ந்துவிடும். புது டிஸ்க் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்ற புகார்களில் சில இதனால் வருபவை.

தமிழில் பெயர் வைத்தால் இண்டெக்ஸ் பெருக்கும்

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் சேமிக்கும் நிறுவனங்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'முருகன்' என்று நாம் நான்கு எழுத்தாக எண்ணும் பெயர் கணினிக்கு ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு குறிகள், ஆக 21 பைட். அதே பெயர் ஆங்கில எழுத்தில் 7 பைட். பெயர் இண்டெக்ஸின் ஒரு பக்கத்தில் அடங்கும் குறிப்புகள் குறையும், இண்டெக்ஸ் பெருக்கும், ரேமில் அதற்கு இடமும் கூடுதலாக வேண்டும். தமிழில் வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சர்வர் வாங்கும்போது ஆங்கிலத் தகவலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்பதுதான்.

இன்னொரு சிக்கல் இனிஷியல். முருகன் எஸ், எஸ். முருகன், எஸ்.முருகன் என்று மூன்று விதமாகவும் பதிந்திருப்பார்கள். ஆகவே கவுன்டரில் இருப்பவர் பெயருக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி (அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி என்று பொருள்) போட்டுத் தேடும்படி சாஃப்ட்வேர் எழுதப்பட்டிருக்கும். அப்படித் தேடினால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸால் உதவ முடியாது. முதல் எழுத்து தெரியாமல் எந்தக் கிளையில் இறங்குவது? முழு அட்டவணையையும் படித்தாக வேண்டும். இதற்கு ஹார்டுவேர் தீர்வு இல்லை. இனிஷியலுக்குத் தனிப் புலம் ஒன்று வைப்பது ஒரு வழி.

சிபியு: கோர் எண்ணிக்கையா, வேகமா?

முழு அட்டவணையையும் படிக்கும் தேடலில்தான் சிபியு முன்னுக்கு வருகிறது. அந்த 10 ஜிபியை வரிசையாகப் படிக்க, நொடிக்கு 200 எம்பி தரும் ஹார்ட் டிஸ்குக்கு 50 நொடி, 500 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டிக்கு 20 நொடி, 5 ஜிபி தரும் என்விஎம்இக்கு 2 நொடி. (விளம்பர எண் உதவும் இடம் இது.) ஆனால் படித்த 5 கோடி பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து நிபந்தனையோடு ஒப்பிட வேண்டியது சிபியு. ஒரு கோர் நொடிக்கு 50 லட்சம் பதிவுகளைச் சரிபார்க்கும் என்று வைத்துக்கொண்டால் அதற்கே 10 நொடி. என்விஎம்இ டிஸ்க் தயாராக நிற்கும், சிபியு திணறும். இந்த நிலையில் இன்னும் வேகமான டிஸ்க் வாங்குவதில் பொருளில்லை.

கோர்களைக் கூட்டினால்? அது டேட்டாபேஸைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ் 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து ஒரே தேடலைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தொடக்க அமைப்பில் இரண்டு உதவியாளர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் பெரும்பாலான தேடல்களை ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓட்டுகிறது. அதற்கு 32 கோர் சிபியுவை விட, குறைந்த கோர்களும் கூடுதல் கிகாஹெர்ட்ஸும் உள்ள சிபியு ஒரு தனித் தேடலை வேகமாக முடிக்கும். கோர்கள் பல இருப்பது, ஒரே நேரத்தில் பலர் தேடும்போதுதான் பயன்படும்.

சர்வர் மும்பையில், கடை சென்னையில்

கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள்.

1. தூரம். அமேசானின் இந்திய கிளவுட் மையங்கள் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அஸூருக்கு 'தென் இந்தியா' என்ற பெயரில் சென்னையிலேயே மையம் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர 10 மில்லி நொடிக்குக் குறைய வழியே இல்லை, கேபிள் வளைந்து போவதாலும் இடையில் உள்ள கருவிகளாலும் நடைமுறையில் இருமடங்காவது ஆகும். சென்னைக் கணினியில் ஓடும் சாஃப்ட்வேர் ஒரு திரையைக் காட்ட 150 சிறிய தேடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் 3 நொடி. மும்பையில் எவ்வளவு பெரிய சர்வர் வைத்தாலும் அந்த 3 நொடி குறையாது. சாஃப்ட்வேரும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அல்லது 150 தேடல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்து எழுத வேண்டும்.

2. டிஸ்க் ரேஷன். அமேசானின் ஜிபி2 (gp2) வகை டிஸ்கில் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் கணக்கு. 100 ஜிபி டிஸ்குக்கு 300. சேமித்து வைத்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை போகலாம். நிரம்பிய கிரெடிட் 54 லட்சம். நொடிக்கு 2,700 வீதம் கரைந்தால் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும், பிறகு மறுபடி 300. காலையில் பறக்கும் சாஃப்ட்வேர் பதினோரு மணிக்கு மேல் ஊர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஜிபி3 வகையில் அளவு எதுவானாலும் 3,000 நிலையாகக் கிடைக்கும். இன்னும் ஜிபி2-வில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வெயிலும் கரண்டும்

அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது. எம்.2 வகை என்விஎம்இ டிஸ்குகள் 70, 80 டிகிரியைத் தொடும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இரவில் ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அறையில், கத்திரி வெயில் நாட்களில், ராத்திரி ஓடும் ரிப்போர்ட் மட்டும் மெதுவாகிறது என்றால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். ஹீட்சிங்க் ஒன்றும் பெரிய விலையில்லை.

கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த தகவலைக் காப்பாற்ற, சர்வர் வகை எஸ்எஸ்டிகளில் கெபாசிட்டர்கள் இருக்கும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒவ்வொரு பில்லையும் நிரந்தரமாக எழுதிவிட்டேன் என்று உறுதி சொல்ல அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். பில் போடும் வேகம் இதில் அடிபடும். எழுதும் வேலை நிரம்பி வழிந்தால் தேடலும் பின்னால் நிற்கும்.

பணத்தை எடுக்கும் முன்

1. மெதுவாக ஓடும் தேடல் எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'எல்லாமே ஸ்லோ' என்பதை வைத்து எதையும் அளக்க முடியாது.

2. போஸ்ட்கிரெஸ்ஸில் அந்தத் தேடலுக்கு முன், தேடல் எப்படி நடந்தது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை அனலைஸ், பஃபர்ஸ் என்ற இரண்டு தெரிவுகளோடு போடுங்கள். ஷேர்டு ஹிட் என்பது பஃபரில் கிடைத்த பக்கங்கள். ரீட் என்பது வெளியே போய் எடுத்தவை. தேவைப்பட்ட பதிவுகள் 50, தொட்ட பக்கங்கள் 5 லட்சம் என்று வந்தால் பெரும்பாலும் இண்டெக்ஸ் இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை என்று பொருள். அதோடு விஷயம் முடிந்தது, கடைக்குப் போக வேண்டாம்.

3. அதே தேடலை உடனே இரண்டாம் முறை ஓட்டுங்கள். முதல் முறை 20 நொடி, இரண்டாம் முறை அரை நொடி என்றால் டிஸ்கில் காத்திருந்திருக்கிறது. இரண்டு முறையும் ஒரே நேரம் என்றால் டிஸ்க் பெரும்பாலும் காரணமில்லை.

4. அப்படி ஒரே நேரம் எடுக்கும் தேடலின்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கோர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் 100-ஐ ஒட்டி நின்று மற்றவை தூங்கினால் சிபியுவின் வேகம்தான் தடை. எட்டு கோர் கணினியில் மொத்த சிபியு 12 சதவீதம் என்றே அது காட்டும். அதைப் பார்த்து சிபியுவுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

5. இதையே சர்வரில் உட்கார்ந்து ஒரு முறையும், கவுன்டர் கணினியிலிருந்து ஒரு முறையும் ஓட்டுங்கள். சர்வரில் சட்டென்று வந்து, கவுன்டரில் மட்டும் இழுத்தால், ரேமும் டிஸ்கும் இருக்கிறபடியே இருக்கட்டும். பார்க்க வேண்டியது இடையில் உள்ள பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் ஸ்விட்சையும், ஒரு திரைக்கு எத்தனை தேடல்களை அந்த சாஃப்ட்வேர் அனுப்புகிறது என்பதையும்தான்.